நாம யாரு பக்கம் சார்?
திண்டுக்கல் மலைக்கோட்டையும் ஒரு பள்ளிச் சுற்றுலாவும்

1

திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் நண்பர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனார். "நீயும் வாயேன். வரலாறு, கதையாடல்னு எழுதிக்கிட்டே இருக்க. பிள்ளைங்ககிட்ட நாலு வார்த்தை பேசிப் பாரு, எவ்வளவு கஷ்டம்னு தெரியும்" என்றார். ஒரு சனிக்கிழமை காலை போனோம். கையில் கட்டுச்சோற்றுப் பொட்டலங்கள், தண்ணீர்ப் பாட்டில்கள்.

பாறையில் வெட்டிய படிகள். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட்டோம். பீரங்கியின்மேல் சாய்ந்து பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயுதக் கிடங்கு, காவலர் அறைகள், மதில், உச்சியில் மூலவர் இல்லாத கோயில். ஒருபக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர், நடுவே ஊர். நண்பர் பாடத்தைத் தொடங்கினார்: நாயக்கர் கட்டினார், ஹைதர் பிடித்தார், திப்பு ஆண்டார், வெள்ளைக்காரன் வந்தான். ஆண்டுகளைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழுதவில்லை. மதிலைத் தடவிக்கொண்டே கேட்டான்: "சார், இதுல நாம யாரு பக்கம்?"

நண்பர் என்னைப் பார்த்தார். என்னிடமும் பதிலில்லை. "எல்லாரும் சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்தோம்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இவை தெரிந்தவைதானே என்று தோன்றும். ஆனால் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் பையனின் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று புரியும்.

மதுரை நாயக்கர்களில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605 வாக்கில் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்படுத்தப்பட்டது. மைசூரிலிருந்து மதுரைக்குப் படை வரும் வழியை இந்தப் பாறை மறித்து நிற்கிறது என்பதுதான் இதன் மதிப்பு. 1755-இல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக அனுப்பியது. பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு அவர் ஆயுதப் பட்டறை அமைத்தது இங்கேதான். பின்னாளில் ஆங்கிலேயரை நடுங்க வைத்த மைசூர்ப் பீரங்கிப்படைக்கு இந்த ஊரில் ஒரு வேர் இருக்கிறது. ஊருக்குள் பேகம்பூர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஹைதரின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் அது.

கம்பெனிப் படை 1767-இல் கோட்டையைப் பிடித்தது, அடுத்த ஆண்டே ஹைதர் மீட்டார். 1783-இல் மறுபடி பிடித்து, 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது. 1790-இல் மூன்றாம் முறை பிடித்தது. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுவதும் கம்பெனிக்குப் போனது. கால் நூற்றாண்டில் கோட்டை இத்தனை முறை கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கீழே இருந்த குடியானவனின் நெல்லை யாரோ ஒருவர் வரியாக எடுத்துப் போயிருக்கிறார்.

பாடப்புத்தகத்தின் கோட்டைக் கதை பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். ஆனால் பெரிய கலகம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகே இருப்பது விருப்பாச்சி. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர். 1772-இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்தது அவரிடம்தான். ஹைதரிடம் 5000 குதிரைப்படையும் 5000 காலாட்படையும் கேட்டுக் கடிதம் போனதும் அப்போதுதான். திப்பு 1799-இல் வீழ்ந்தார், கட்டபொம்மன் அதே ஆண்டு தூக்கிலிடப்பட்டார். கலகம் அதோடு அடங்கிவிடவில்லை. 1800 ஏப்ரல் இறுதியில் விருப்பாச்சியில் கூடித் திட்டமிட்டார்கள். முகரம் நாளான ஜூன் 3 அன்று கோயம்புத்தூரிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்குவது என்று முடிவாயிற்று. பாளையக்காரர்களும் மைசூர்ப் படையில் மிச்சமிருந்த முஸ்லிம் வீரர்களும் இதில் கூட்டு. திட்டம் வெளியே தெரிந்துபோனது. 42 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் விருப்பாச்சி வீழ்ந்தது. கோபால நாயக்கரும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவர் நினைவு நாளாகச் செப்டம்பர் 5 அனுசரிக்கப்படுகிறது. தூக்கிலிட்டது திண்டுக்கல்லில், இன்று கோபாலசமுத்திரம் என்று சொல்லப்படும் குளக்கரையில் என்பது ஊர் வழக்கு. அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள், நவம்பரில் ஊமைத்துரை. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

3

அன்று காலை நாங்கள் மலைக்கோட்டைக்குப் போனோம். விருப்பாச்சிக்குப் போகவில்லை. ஏன்? மலைக்கோட்டையில் பார்க்க ஏதோ இருக்கிறது. விருப்பாச்சியில் அரசு கட்டிய மணிமண்டபம் உண்டு, பழைய கோட்டை கிடையாது. "அங்க போயி என்னத்தக் காட்டுறது?" என்றார் நண்பர். நியாயமான கேள்விதான்.

ஆனால் விருப்பாச்சியில் காட்ட ஒன்றுமில்லாமல் போனது தற்செயல் அல்ல. கலகம் ஒடுங்கிய பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், குடிகள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே சுற்றுலா போகிறவர்கள் பார்ப்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. திண்டுக்கல் பாறையை மட்டும் கம்பெனி இடிக்கவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதில் தன் படையை வைத்திருந்தது. வென்றவனுக்குப் பயன்பட்டது நின்றது. பயன்படாதது, அல்லது பயம் தந்தது, இல்லாமல் போனது.

ஆகவே பள்ளிப் பிள்ளைகளைக் 'கோட்டை உள்ள இடத்துக்கு'க் கூட்டிப்போவது என்று நாம் முடிவெடுக்கும்போதே, எதைப் பார்க்கலாம் என்ற பட்டியலைக் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். தொல்லியல் துறை பாதுகாக்கும் கல்லும் ஒரு பிரதிதான், அதற்கும் ஆசிரியர் உண்டு.

எழுத்து ஆவணத்துக்கும் இதே கதி. விருப்பாச்சிக் கூட்டத்தைப் பற்றியும் கோயம்புத்தூர்த் திட்டத்தைப் பற்றியும் நமக்கு விரிவாகத் தெரிவது கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால். அவர் கைக்குக் கிடைத்தது பெரும்பாலும் கம்பெனியின் கடிதப் போக்குவரத்தும் ரகசிய ஆலோசனைக் குறிப்புகளும். கலகக்காரர்களின் ஓலைகளேகூட, பிடிபட்டு மொழிபெயர்க்கப்பட்ட வடிவில்தான் அங்கே வருகின்றன. ரணஜித் குஹா 1983-இல் எழுதிய கட்டுரையில் இதைக் 'கிளர்ச்சியடக்கலின் உரைநடை' என்றார். கலகத்தை அடக்கியவன் எழுதிய வாக்கியத்துக்குள்ளிருந்துதான் கலகக்காரனை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. ராஜய்யன் அந்தக் காகிதங்களையே எதிர்த்திசையில் வாசித்தார். மலைக்கோட்டையையும் அப்படி எதிர்த்திசையில் வாசிக்க முடியுமா என்பதுதான் ஆசிரியருக்கு முன்னால் உள்ள வேலை.

4

இந்த இடத்தில் உலகத்தின் மறுகோடியில் நடந்த இன்னொரு பள்ளிச் சுற்றுலாவைச் சொல்ல வேண்டும். நாம் செய்யாமல் விட்டது என்ன என்று அது காட்டுகிறது.

நியூசிலாந்தில் 1845 முதல் 1872 வரை மவோரி மக்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் நிலத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் போர்கள் நடந்தன. ஒடோரோஹங்கா என்ற சிற்றூர்ப் பள்ளியின் மாணவர்கள், 2014-இல் தங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த இரண்டு இடங்களுக்குப் போனார்கள். ஒன்று ரங்கியாஓஃபியா. 1864 பிப்ரவரி 21 விடியற்காலையில் பட்டாளம் புகுந்து, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வீட்டைக் கொளுத்திய ஊர். அது போர்முனை அல்ல, கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைந்த ஊர். பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் அங்கே இருந்தார்கள். இன்னொன்று ஒராகாவ். சுமார் 300 மவோரிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, பல மடங்கு பெரிய படையை மூன்று நாள் எதிர்த்து நின்ற இடம். இன்று அதன் நடுவே தார்ச்சாலை போகிறது. இரண்டு இடத்திலும் 'பார்க்க' அதிகமாக ஒன்றும் கிடையாது.

ஆனால் அங்கே பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவர்கள் மவோரி முதியவர்கள். தங்கள் பாட்டன் பாட்டிமார் சொன்னதை அவர்கள் சொன்னார்கள். மவோரி மாணவர்களும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று கேட்டார்கள். தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் இடத்தில் இப்படி நடந்திருக்கிறது, பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லையே என்ற அதிர்ச்சி அவர்களைச் சும்மா இருக்க விடவில்லை. கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். நினைவு நாள் வேண்டும், இந்தப் போர்களைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று கேட்டு, 12,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு 2015 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 2016-இல் அரசு நினைவு நாளுக்கு ஒப்புக்கொண்டது. நாட்டின் சொந்த வரலாறு 2023 முதல் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிற்று. அதே ஆண்டு ஆட்சி மாறியது, பிறகு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலையும் தொடங்கியது. நினைவுக்கான சண்டை அங்கேயும் முடிந்துவிடவில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் பிள்ளைகள் ஏன் இப்படிக் கிளம்பவில்லை? பிறகு யோசித்தால், ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது. அங்கே சிக்கல் மறதி. வெள்ளையர் அரசு மறக்கச் செய்தது, பிள்ளைகள் நினைவூட்டினார்கள். வைகாட்டோ பகுதியில் மட்டும் 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிபோனது. பறித்தவன் யார், இழந்தவன் யார் என்பதில் குழப்பமில்லை. இங்கே அரசு மறக்கவில்லை. சிலை வைக்கிறது, மணிமண்டபம் கட்டுகிறது, அரசு விழா எடுக்கிறது. நம்முடைய சிக்கல் நினைவு வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

5

திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று எத்தனை பெயர்களை அது சுமந்தது என்பது நடுவயதுக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும். நாங்கள் பள்ளிக்குப் போன பஸ்ஸில் 'ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருந்தது. 1997-இல் ஒரே நாளில் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். மாவட்டம் வெறும் திண்டுக்கல் ஆயிற்று, பஸ் வெறும் அரசு பஸ் ஆயிற்று.

காரணம் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அவர் கட்டபொம்மனின் தளபதியாகக் கொண்டாடப்படுபவர், தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. அரசு கண்டுபிடித்த தீர்வு, எல்லாத் தலைவர்களின் பெயரையும் சேர்த்து நீக்குவது. ராஜாக்கள், ராணிகள், தலைவர்கள் பெயரெல்லாம் ஓடிய வண்டியில், அதே போர்களில் செத்ததாகச் சொல்லப்படும் ஒரு தலித் வீரனின் பெயருக்கு மட்டும் இடமில்லாமல் போனது.

பாளையக்காரர் போர்கள் குறித்த நம் நினைவு சாதிவாரியாகப் பங்கு போடப்பட்டிருக்கிறது. இந்தத் தேதிக்கு இந்தச் சங்கம் மாலை போடும், அந்தத் தேதிக்கு அந்தச் சங்கம். 1800-இல் விருப்பாச்சியில் ஒன்றாக உட்கார்ந்து பேசியவர்கள், இன்று தனித்தனி சுவரொட்டிகளில் நிற்கிறார்கள். முகரம் நாளைக் குறித்துக்கொண்டு எழுந்த ஒரு கூட்டணியின் ஊரில், மலைமேல் கோயிலில் சிலை வைக்கும் கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. மூலவர் கீழே வந்ததற்குத் திப்புவைக் காரணம் சொல்லும் கதையும் கூடவே உலாவுகிறது. கோட்டையின் மற்ற வரலாறெல்லாம் பின்னால் போய், இந்து முஸ்லிம் கணக்கு மட்டும் முன்னால் வருகிறது. அதே திப்புவின் ஆட்களோடு கைகோத்த கோபால நாயக்கரை அந்தக் கணக்கில் எங்கே வைப்பார்கள்?

நண்பர் கீழே இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "கோபால நாயக்கர்னு சொன்னா ஒரு பெஞ்சு நிமிர்ந்து உட்காருது. மருதுன்னா இன்னொரு பெஞ்சு. சுந்தரலிங்கம்னு சொன்னா சாயங்காலம் கேட்டுக்கு வெளிய சண்ட. நான் எப்படிய்யா பாடம் நடத்துறது? வருஷத்தச் சொல்லிட்டு வந்துடுறேன்." பிள்ளைகளின் மணிக்கட்டுகளைப் பார்த்தேன். கயிறுகள் இருந்தன, வண்ணங்கள் வேறு வேறு. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அறுத்துவிடலாம். ஆனால் பாளையக்காரர் கதை கயிற்றின் வேலையைச் செய்துகொண்டிருக்கும்வரை, வரலாற்று ஆசிரியர் ஆண்டுகளுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்வார்.

6

"நாம யாரு பக்கம் சார்?" இப்போது அந்தப் பையனுக்கு என்ன சொல்லலாம்?

இரண்டு பக்கமும் இருந்தோம் என்பதுதான் உண்மை. 1790-இல் திண்டுக்கல்லைப் பிடித்த கம்பெனிப் படையில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். தமிழ் பேசியவர்கள், தெலுங்கு பேசியவர்கள், முஸ்லிம்கள், பறையர்கள். மாதச் சம்பளம் வந்ததால் போனவர்கள். 1801-இல் காளையார்கோவில் காட்டைக் கம்பெனி ஒரு மாதமாக வெட்டிப் பாதை போட முயன்றது. கோடரி பிடித்த கைகள் யாருடையவை? எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனி பக்கம் நின்றார்கள். எதிர்த்த பாளையக்காரர்களும் குடிகளுக்குத் தெய்வங்கள் அல்ல, காவல் வரி வாங்கியவர்கள்தான். நிலத்தில் உழைத்து அந்த வரியைக் கொடுத்தவனுக்குப் பாளையத்தில் நிலம் இருந்ததா, கோட்டைக்குள் நுழைய உரிமை இருந்ததா என்றும் கேட்க வேண்டும். ஊரில் கிணறு தனியாக இருந்த ஒருவன், கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்ததைத் துரோகம் என்ற ஒரே சொல்லால் முடித்துவிட முடியாது. அதற்காகக் கம்பெனி விடுதலை கொடுத்தது என்றும் ஆகாது. 1792-க்குப் பிறகு கலெக்டர்கள் செய்த முதல் வேலை நிலத்தை அளந்து கிஸ்தியை ஏற்றியதுதான். போரின் முடிவு யாருக்கு வெற்றி என்பதைக் கோட்டைமேல் பறந்த கொடியைவிட கிஸ்திக் கணக்கு தெளிவாகச் சொல்லும்.

இதையெல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். பாடமாக ஒப்பிக்க முடியாது. பயணத்தின் வழியை மாற்றினால் கொஞ்சம் முடியும் என்று நினைக்கிறேன். நண்பரும் நானும் பேசி ஒரு வழி போட்டிருக்கிறோம். காலையில் மலைக்கோட்டை. அங்கே "கட்டியவர் யார்" என்ற கேள்வியோடு, கல் உடைத்தவர், சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், மேலே தண்ணீர் கொண்டுபோனவர் யார் என்ற கேள்வியும். பிறகு பேகம்பூர். பிறகு கோபாலசமுத்திரக் கரை. குளத்தைப் பார்க்க அரைமணி நேரம் போதும், ஆனால் தூக்குமரம் நின்றதாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே எழுத வேண்டும். மத்தியானம் விருப்பாச்சி. அங்கே ஏன் கோட்டை இல்லை என்பதுதான் பாடம். கடைசியாக, அவரவர் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி: கோட்டையைப் பற்றி, பாளையக்காரர் பற்றி, அந்தக் காலத்து வரி, பஞ்சம், பட்டாளம் பற்றி நீங்கள் கேட்ட கதை என்ன? எல்லாச் சாதித் தெருவிலிருந்தும் வரும் கதைகளை ஒரே வகுப்பில், ஒரே நோட்டில், அடுத்தடுத்து எழுத வைப்பது.

ஒடோரோஹங்கா பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் இதுதான்: ஒருவர் வலியை இன்னொருவர் பக்கத்தில் நின்று கேட்கும் வாய்ப்பு. அந்த வாய்ப்பை உண்டாக்குவதற்கு அரசாணை தேவையில்லை.

ஆபத்தும் உண்டு. ஒரு தெருவின் கதையை இன்னொரு தெரு பொய் என்று சொல்லும். சங்கக்காரர்கள் பள்ளிக்கு வருவார்கள். தலைமையாசிரியர் "எதுக்கு வம்பு?" என்பார். நண்பர் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில் 'கோட்டை, மணிமண்டபம்' என்று மட்டும் குறித்திருக்கிறார். இந்த இதழைப் படிக்கும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தங்கள் ஊர்க் கோட்டைகளில் இதைச் செய்து பார்த்து, நடந்ததை எழுத வேண்டும். தோற்றுப்போன முயற்சிகளையும் எழுதலாம்.

கேள்வி கேட்ட பையன் பேகம்பூர்ப் பக்கம் உள்ள தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவரின் மகன் என்று பிறகு தெரிந்தது. இறங்கும்போது என்னிடம் வந்து, "நீங்க சொன்னது சரியா வரல சார்" என்றான். ஆமாம் தம்பி, சரியா வரல என்றேன். அவன் நோட்டில் அந்தக் கேள்வியை எழுதி, கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தான்.